எதிர்க் கரையில் ஒரு தீவு

நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே நீங்கள் பார்க்காத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். விருந்தாளி வந்தால் வழி சொல்லி அனுப்புவோம், நாம் போகமாட்டோம். நானும் அந்த ரகம்தான். மும்பை மாதுங்காவில் முப்பது வருஷமாகக் குடித்தனம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் புளியோதரை கட்டிக் கொடுத்து எலிபெண்டா தீவுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் மட்டும் போனதில்லை.

அடுத்த வீட்டில் இருக்கும் என் சிநேகிதியும் அப்படித்தான். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம்" என்று அவள் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டுவதே அபூர்வம். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்றேன்.

"கிளம்புடி, இன்றைக்குத் தீவுக்குப் போகிறோம்."

"செவ்வாய்க்கிழமையா? பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?"

"சிரிக்கட்டும். நல்லதுதானே!"

கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம். தாஜ் ஹோட்டல் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி அவள் பேசாமல் வந்தாள். நானும் தொந்தரவு செய்யவில்லை.

தீவின் சொந்தப் பெயர் காராபுரி. 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர், இங்கே நின்ற பெரிய கல் யானையைப் பார்த்து எலிபெண்டா என்று பெயர் வைத்தார்கள். 1864-இல் அந்த யானையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள். சங்கிலி அறுந்து, யானை துண்டு துண்டாகிவிட்டது! பிறகு ஒட்டவைத்த யானை இப்போது பைகுல்லா தோட்டத்தில் நிற்கிறது.

"அட, குழந்தைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில்தானே டிபன் டப்பாவைத் திறப்போம்!" என்றாள் சிநேகிதி. அன்று அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

படகுத் துறையிலிருந்து குகைக்கு ஏறக்குறைய 120 படிகள். இரண்டு பக்கமும் கடைகள். முழங்கால் வலிக்காரர்களுக்கு டோலி உண்டு. நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். பாதி வழியில் ஒரு குரங்கு வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. எத்தனையோ விருந்தாளிகள் கையில் அது ருசி கண்டிருக்க வேண்டும்!

குகைக்குள் நுழைந்தால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் அல்ல, மலையையே குடைந்தது. 6-ஆம் நூற்றாண்டு வேலை என்பது அறிஞர்கள் கணிப்பு. எதிர்ச் சுவரில் சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகங்கள். பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றும் சிவனே. நமக்கு இடது பக்கம் உக்கிர முகம். வலது பக்கம் பெண்மை ததும்பும் முகம். நடுவில், எதற்கும் கலங்காத அமைதி.

ஆனால் என் சிநேகிதி நின்றது வேறிடத்தில். சிவபார்வதி கல்யாணக் காட்சி. மணமகனுக்கு வலப் பக்கத்தில் பார்வதி நிற்கிறாள். பாணிக்கிரகணத்துக்கு நீண்ட கைகள் இரண்டும் உடைந்து போயிருக்கின்றன. ஐயோ, இவளை இங்கே அழைத்து வந்தோமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"கை போனாலும் வெட்கம் போகவில்லை பார். நானும் இப்படித்தான் தலை நிமிரவே இல்லையாம். கழுத்து வலிக்கவில்லையா என்று கடைசிவரைக்கும் கேலி பண்ணுவார்" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

இறங்கும் வழியில் வெள்ளரிக்காய் விற்ற அம்மாளிடம் உட்கார்ந்தோம். "தாயி" என்று கூப்பிட்டாள். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். இந்தத் தீவின் மூன்று கிராமங்களுக்கும் கடலடியில் கம்பி போட்டு மின்சாரம் வந்தது 2018-இல்தானாம். அதுவரை மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான்.

"தினமும் ராத்திரி உங்கள் ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்போம், தாயி. நீங்கள் எங்களைப் பார்த்ததே இல்லையே!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தீவை மட்டுமா பார்க்காமல் இருந்தேன்? ஒரு சுவருக்கு அப்பால் ஒரு வருஷமாக இருட்டில் உட்கார்ந்திருந்தவளையும்தானே?

சகோதரிகளே, உங்கள் அடுத்த வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராதீர்கள், ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கதவைத் தட்டுங்கள். எலிபெண்டாவுக்கே போவதானால், திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. புளியோதரையைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!