ஆளுமை வகைகளும் ஆசிரியர் கடனும்

நம் காலத்துப் பழைய மாணவருள் நன்னூற் பாயிரத்தை மனனஞ் செய்யாதார் சிலரே இருப்பர். பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாக வகுத்தார். தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடைமாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பனவும் உவமையாயின. நாவலர் பெருமானின் காண்டிகையுரையோடு அதனைப் பாடங் கேட்ட நாட்களில், தான் எவ்வகையினன் என்று எண்ணிப்பாராத பிள்ளை இல்லை. முதல்நாட் பாடத்தை மறந்து நின்ற ஒருநாள் நமக்கு 'இல்லிக்குடம்' என்ற பெயர் கிடைத்தது. நெடுநாள் அப்பெயரை மெய்யென்றே நம்பியிருந்தோம்.

இன்று பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கும் நாம், ஆளுமை பற்றிய பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் அதே வினாவை வேறுருவிற் காண்கின்றோம். கைத்தொலைபேசியிற் பத்து நிமிடம் வினாக்கொத்தொன்றிற்கு விடையளித்து, நாலெழுத்துப் பெயரொன்றைப் பெற்று, 'நான் இவ்வகை' என்று உறுதியாகக் கூறும் மாணவர் பலர். அவர்களுக்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் நாம் கூறவிழைவது ஒன்றே. வகை என்பது ஒருவர் தம்மை ஆராயத் தொடங்குதற்கு வாயிலாகலாம். அவரை அளந்து முடித்த தீர்ப்பாதல் கூடாது.

மக்களை வகைப்படுத்தும் ஆசை புதியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குருதி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம், சளி என்னும் நான்கின் மிகுதி குறைவே மக்களின் இயல்பு வேற்றுமைக்குக் காரணமென்று கொண்டார். நம் வைத்தியர் வாதம், பித்தம், சிலேற்பனம் என்பவற்றைக் கொண்டு தேகவியல்பு கூறுதலும் யாவரும் அறிந்ததே. 1921ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு உளமருத்துவர் கார்ல் யுங் உளவியல் வகைகள் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டு, அகமுகர், புறமுகர் என்னும் பகுப்பைப் பரவச் செய்தார். அவர் கருத்தைத் தழுவி, கதரீன் பிரிக்ஸ் என்னும் அமெரிக்க அம்மையாரும் அவர்தம் மகளார் இசபெல் மையர்ஸ் அம்மையாரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வினாக்கொத்தொன்றை ஆக்கத் தொடங்கினர். அது 1962இல் வெளிவந்தது. நான்கு இரட்டைகளால் மக்களைப் பதினாறு வகையாக்கும் அவ்வினாக்கொத்தே இன்று கைத்தொலைபேசியில் உலவும் பலவற்றிற்கு மூலம். ஆயின் மக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுதல் தம் நோக்கமன்று என யுங் தாமே பின்னர் எழுதினார் என்பதை, விடையளிப்போருட் பலர் அறியார்.

1948ஆம் ஆண்டில் பேட்றம் போரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனையொன்றை நடத்தினார். ஒரு கிழமை சென்றபின், ஒவ்வொருவருக்கும் அவரவர் இயல்பைக் கூறும் குறிப்பென்று ஒரு தாளை வழங்கி, அது எவ்வளவு பொருந்துகின்றது என 0 முதல் 5 வரை புள்ளியிடுமாறு கேட்டார். சராசரிப் புள்ளி 4.26. அதன்பின்னரே 39 தாள்களிலும் எழுதப்பட்டிருந்தவை ஒரே பதின்மூன்று கூற்றுக்கள் என்பது வெளிப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை கடையில் விற்கப்பட்ட சோதிட நூலொன்றிலிருந்து எடுத்தவை. சில வேளை கலகலப்பாகவும் சில வேளை ஒதுங்கியும் இருப்பவர் என்றால், அது யாருக்குத்தான் பொருந்தாது? நம் வகுப்பிலும் இச்சோதனையைச் செய்து பார்த்தோம். தம் தாயாரும் இவ்வளவு சரியாகச் சொல்லியிரார் என்று ஒருவர் வியந்தார். பக்கத்திலிருப்பவரோடு தாளை மாற்றிப் படியுங்கள் என்றோம். சிறிது நேரம் மௌனம்; பின்பு வகுப்பு முழுவதும் சிரிப்பு.

இனி, வகைப்பாட்டிலுள்ள குறை யாதெனின், இயல்பும் உயரத்தைப் போலப் படிப்படியாக வேறுபடுவது. ஒரு வகுப்பினரை நெட்டையர், குட்டையர் என இரண்டாகவே பிரிப்பின், நடுத்தர உயரமுடைய இருவர் அரை அங்குல வேற்றுமையால் வெவ்வேறு அணியிற் சேர்வர். கூட்டத்தில் விருப்பமுடைமையும் அத்தகையதே. மக்களுட் பெரும்பாலோர் நடுவண் நிற்கின்றனர். அதனாலன்றோ அதே வினாக்கொத்திற்குச் சில கிழமைகளின் பின் மீண்டும் விடையளிப்போருட் பலர் வேறு வகையிற் சென்று சேர்கின்றனர்! 1936இல் ஒல்போட், ஒட்பேட் என்னும் இருவர் ஆங்கில அகராதியொன்றில் மனிதரை வேறுபடுத்திக் காட்டும் சொற்களைத் திரட்டியபோது ஏறத்தாழ 18,000 சொற்கள் கிடைத்தன. அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சிகளின் பயனாக இன்று உளவியலார் பெரிதும் ஏற்பன ஐந்து பண்புகள்: புதுமை நாட்டம், கருமத்திற் கவனம், புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் என்பன. இவை யாவும் கூடியோ குறைந்தோ எல்லாரிடத்தும் உள்ளன.

இவற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தும் நாம் ஒருமுறை தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நம்மிடம் வந்து, "ஐயா, நான் அகமுக வகை. வகுப்பின் முன்னின்று கட்டுரை வாசிக்க என்னால் இயலாது, எழுதித் தருகின்றேன்" என்றார். இரக்கமென்று கருதி இசைந்தோம். அடுத்த தவணையும் அவ்வாறே கழிந்தது. பின்னர்க் களவேலைக்காகக் கரையோரக் கிராமமொன்றிற்குச் சென்றபோது, அம்மாணவி வலை பின்னும் முதியவர் ஒருவரோடு திண்ணையில் அமர்ந்து, ஒரு மணி நேரம் வினாவியும் விளக்கியும் உரையாடியதைக் கண்டோம். பிள்ளையிடம் பேச்சு இருந்தது. சபை முன் பேசிப் பழக வாய்ப்புத்தான் இருக்கவில்லை. அவ்வாய்ப்பைத் தடுத்தவர் நாமே. இறுதித் தவணையில் முதலில் நால்வர் முன், பின் பத்துப்பேர் முன் எனப் படிப்படியாகப் பேசச் செய்தோம். ஈற்றில் முழு வகுப்பின் முன்னும் பேசினார். குரல் நடுங்கிற்று, ஆயினும் கட்டுரையை முடித்தே அமர்ந்தார். முதலாம் தவணையிலேயே இதனைத் தொடங்கியிருப்பின் அந்நடுக்கமும் குறைந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் நம்மை வருத்துகின்றது.

வகைகளால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. தம் தோழர் மௌனமாயிருப்பது செருக்காலன்று, அவர் இயல்பால் என்று வாயாடி மாணவர் உணர்ந்ததை நாம் கண்டிருக்கின்றோம். தம்மைப்போற் பிறரும் உளர் என்று அறிந்து ஆறுதலடைந்தோரும் உளர். ஆதலின் அப்பாடத்தை விலக்குக என்று நாம் கூறோம். வகைகளைக் கற்பிக்குமுன் போரரின் சோதனையை மாணவர்க்குச் செய்து காட்டுக என்போம். எந்த வகைப் பெயரையும் மாணவரின் தேர்ச்சி அறிக்கையிலோ நற்சான்றுப் பத்திரத்திலோ ஆசிரியர் எழுதாதிருக்க என்போம். நம் கல்லூரியில் இன்று பயிலும் தம்பிமார் 'நான் இத்தகையவன்' என்னுமுன், 'எவ்விடத்தில், யார் முன் நான் இவ்வாறு இருக்கின்றேன்?' என்று கேட்டுப் பழகுவாராக.

இது நம் சமயத்தவர்க்குப் புதுமையான கருத்துமன்று. சத்துவம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களைப் பேசும் கீதையின் 14ஆம் அத்தியாயம், ஒரு குணம் மற்றையிரண்டையும் அடக்கி மேலெழுதலும், பின் வேறொன்று மேலெழுதலும் ஒருவரிடத்தே நிகழும் என்கின்றது. நன்னூலாரின் உவமைகளுள்ளும் மண் என்பதை நாம் இளமையில் ஊன்றிக் கற்றோமல்லோம். உழவன் இட்ட முயற்சியின் அளவிற்கே நிலம் விளைவு தரும் என்பது அதன் பொருள். அன்னமாயினார் ஒருசிலர், எஞ்சிய நம்மனோர் பெரும்பாலும் மண்ணே. இல்லிக்குடம் என்று பெயர் பெற்ற நம்மையும் கைவிடாது, மறந்த பாடத்தை மறுநாளும் சொல்லித் தந்த ஆசிரியர் இக்கல்லூரியில் இருந்தனர். அவர் உழைப்பின் விளைவே இக்கட்டுரை. விழாக் காணும் நம் கல்லூரித் தாய், அத்தகைய ஆசிரியரை என்றும் பெற்று வாழ்க.