சேரிப் பள்ளிக்கூடம்: இடிக்க ஒரு நாள், கட்ட எத்தனை வருஷம்?

பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கவிதை எழுதுகிறவன் கவிதை எழுதட்டும், செங்கல் சிமெண்ட் கணக்கை எஞ்சினியர் பார்த்துக் கொள்ளட்டும் என்பார்கள். நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு ஒழுகுகிற ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்துதான் 'அ' எழுதினோம். அந்தக் கட்டடமும் இல்லாமல் போனால் நமக்கு அடுத்து எழுத வருகிறவன் எங்கிருந்து வருவான்? ஆகவே செங்கல் கணக்கும் நம்முடைய கணக்குத்தான்.

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப் போனார்கள். அதன்பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. இடித்தது சரிதான். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. பிள்ளையைக் கொல்லும் கட்டடம் ஒருநாள்கூட நிற்கக் கூடாது. நம்முடைய கேள்வி வேறு. இடிக்க ஜேசிபி வந்த வேகத்தில் கட்டுவதற்கு ஆர்டர் ஏன் வரவில்லை? வராத நாளெல்லாம் பிள்ளைகள் எங்கே உட்கார்வார்கள் என்று இடிக்கச் சொன்னவர்கள் யோசித்தார்களா?

எங்கள் பக்கத்தில் ஒரு சேரி. பெயர் வேண்டாம்; எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்தும். ரெண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். ஒருநாள் காலையில் வந்தார்கள், மத்தியானத்துக்குள் மண்மேடாக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளைச் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே அடுப்புப் புகை. பிறகு பஞ்சாயத்து டிவி ரூம். அங்கே அஞ்சு வகுப்பும் ஒரே அறையில். பிறகு மாரியாத்தா கோயில் திண்ணை. மழை வந்தால் லீவு. ஒரு ஆயா என்னிடம் சொன்னது: "பள்ளிக்கொடம் எங்கடா நடக்குதுன்னு பேரனக் கேட்டா, 'இன்னிக்கு மரத்தடியில ஆயா'ன்றான். நாளைக்கு எங்கடான்னா அவனுக்கும் தெரியல, வாத்தியாருக்கும் தெரியல. நாடோடிக் கூட்டமா நாங்க?"

அந்தத் தாய்மார்கள் நாலு பேர் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். கல்வி அலுவலகத்தில் சொன்னார்கள்: "வாத்தியார்தாம்மா எங்க ஆளு, கட்டடம் ஒன்றியத்தோடது." ஒன்றிய அலுவலகத்தில் சொன்னார்கள்: "எஸ்டிமேட் போட்டு அனுப்பியாச்சு, மேல இருந்து வரணும்." மேலே என்றால் எங்கே? அதை யாரும் சொல்லவில்லை.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறை, கட்டடம் ஊரக வளர்ச்சித் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் ஆசிரியர் நலத்துறை, கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் 1974-ல் தொடங்கிய தாட்கோ. ஒரு கட்டடம் எழும்ப எத்தனை காகிதம் என்று பாருங்கள். பழசு உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று எஞ்சினியர் சான்று, இடிக்க அனுமதி, இடித்த சாமானை ஏலம் விடுவது, புதுசுக்கு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, அளவைப் புத்தகம், பில். இதில் முதல் மூன்று காகிதமும் பறந்து வந்துவிடுகிறது. நாலாவதில் இருந்து நொண்டுகிறது. ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தால் தலைவர் போன் போடுவார், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நாலு கார் நிற்கும். சேரிக்காக யார் போன் போடுவது? காகிதத்துக்குச் சாதி கிடையாது. அதை நகர்த்துகிற கைக்கு உண்டு.

இந்த இடைவெளியில் நடப்பதுதான் நிஜமான இடிப்பு. கூரை இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனசு வரும்? நாலு காசு பார்க்கிறவர்கள் ரோட்டோரம் வந்து நிற்கும் இங்கிலீஷ் கான்வெண்ட் வேனில் ஏற்றிவிடுகிறார்கள், அதற்கும் கடன் வாங்கித்தான். இல்லாதவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு நிற்கிறது. அறுபது பிள்ளை நாற்பதாகிறது, நாற்பது பதினைந்தாகிறது. பிறகு அதிகாரி வருகிறார்: "பதினஞ்சு பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார் எதுக்கு? பதினஞ்சு பிள்ளைக்குக் கட்டடம் எதுக்கு?" கட்டடத்தை இடித்ததால் பிள்ளை குறைந்தது, பிள்ளை குறைந்ததால் கட்டடம் வேண்டாம். என்ன நியாயமடா இது! 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லை என்று 46 அரசுப் பள்ளிகளை மூடி நூலகமாக்கினார்கள். பிள்ளை ஏன் இல்லாமல் போனது என்பதற்கு எந்த நூலகத்தில் புத்தகம் இருக்கிறது?

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையிலேயே பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று அறிவித்தார்கள். அஞ்சு வருஷத்தில் 7,000 கோடி, 18,000 புது வகுப்பறை, முதல் வருஷத்துக்கு மட்டும் 1,300 கோடி. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. அந்த வகுப்பறைகளின் பட்டியலை ஊர்வாரியாக அல்ல, தெருவாரியாக வெளியிடுங்கள் என்கிறோம். எது ஊருக்குள் இருக்கிறது, எது சேரியில் இருக்கிறது, எது எந்தத் தேதியில் இடிபட்டது, எதற்கு எந்தத் தேதியில் வேலை உத்தரவு போனது. இந்த நாலு பத்தியைப் போட்டாலே போதும், உண்மை தானாகப் பேசும்.

இன்னொரு பக்கம் நன்கொடைப் பேச்சு நடக்கிறது. இது புதுசல்ல. காமராசர் காலத்தில் 1958 தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் கொடுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள். 1997-ல் வந்த நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு கட்டினால் அரசு மீதியைப் போடும். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று முன்னாள் மாணவர்களையும் கம்பெனிகளையும் கூப்பிட்டார்கள். கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடை எங்கே போய்ச் சேரும்? கொடுக்கிறவன் படித்த பள்ளிக்குப் போகும். நிலம் இருந்தவன், மில் வைத்தவன், அமெரிக்கா போனவன் படித்த பள்ளிக்குப் போகும். சேரிப் பள்ளியின் முன்னாள் மாணவன் யார்? செங்கல் சூளையில் இருக்கிறான், திருப்பூரில் பனியன் தைக்கிறான், சென்னையில் கட்டடத்துக்குக் கலவை தூக்குகிறான். ஊரானுக்கெல்லாம் கட்டடம் கட்டிக் கொடுக்கிற அவனிடம் போய் உன் பிள்ளை படிக்கிற கட்டடத்துக்குப் பங்கு கட்டு என்று கேட்க எப்படி வாய் வருகிறது?

நமக்கு வேண்டியது கொடை அல்ல, பங்கு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் தாழ்த்தப்பட்டோர் 20.01 சதவீதம். மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80லேயே வந்தது. அதற்குச் சட்டமே வேண்டும் என்று பல வருஷம் கத்தி, 2024-ல்தான் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இங்கே நிறைவேறியது. எல்லாருக்குமான பொதுச் செலவில் ஒரு பாகத்தை வகுத்து நம் பெயரில் எழுதி வைப்பதற்கு ஒதுக்கீடு என்று பெயர் கிடையாது. நம் பங்கு நம் தெருவில் கண்ணுக்குத் தெரிகிற சுவராக, கூரையாக, தண்ணீர் வருகிற கழிப்பறையாக நிற்க வேண்டும்.

இதைப் பிச்சை கேட்பதாக நினைக்கிறவர்கள் வரலாற்றைப் படிக்கட்டும். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1904-ல் வெங்ஙானூரில் பள்ளி தொடங்கியபோது சாதி இந்துக்கள் கொட்டகையைக் கொளுத்தினார்கள். திரும்பவும் கட்டினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் கண்டார். அரசாங்கம் கொடுக்கும்வரை நாம் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையே பிடுங்கிக் கொண்டவர்கள், இன்றைக்குப் பத்து சென்ட் பள்ளிக்கூட இடத்துக்கு "பட்டா பள்ளி பேர்ல இல்லியே" என்கிறார்கள். இந்தச் சாக்கில் புதுக் கட்டடம் சேரியை விட்டே நகர்ந்துவிடுகிறது. ஊரைத் தாண்டி, ஏளனப் பார்வையைத் தாண்டி ஆறு வயசுப் பிள்ளை நடக்க வேண்டும். ஊர்ப் பிள்ளை சேரிக்கு நடந்து வந்து படித்தால் என்ன? காலுக்குத் தீட்டா? பொதுப்பள்ளி சேரியில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நமக்குள்ளேயே ரெண்டு கருத்து வந்தது. தனிப்பெயர் இழிவு என்றார்கள் சிலர். பெயர் போனால் நிதியும் போகும் என்றார்கள் சிலர். ரெண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பலகையை மாட்டுவதானாலும் மாட்டச் சுவர் வேண்டுமே தோழர்களே!

சுவர் எப்படி எழும்ப வேண்டும் என்பதை யார் சொல்வது? இதுதான் முக்கியம். எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம் வருகிறது. நம் சேரிகளோ ஏரி வடிகாலில், பள்ளத்தில் தள்ளப்பட்டவை. மழைக்குத் தண்ணீர் முழங்கால் வரை வருமா, இடுப்பு வரை வருமா என்று வரைபடம் போட்டவனுக்குத் தெரியுமா? அங்கே குடியிருக்கும் பொம்பளைக்குத் தெரியும். பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே வைத்தால் பாதுகாப்பு எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைக் கேட்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்கிறது; நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் என்கிறது. 22-ஆம் பிரிவு அந்தக் குழு போடும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் திட்டத்துக்கும் நிதிக்கும் அடிப்படை என்கிறது. அடிப்படை என்று எழுதியிருக்கிறது தோழர்களே, ஆலோசனை என்று அல்ல. நடப்பதென்ன? எழுதி முடித்த நோட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

ஆகவே நம் அமைப்புகள் ஒவ்வொரு சேரியிலும் எடுக்க வேண்டிய வேலை இது. மேலாண்மைக் குழுவில் நம் பெண்களை உட்கார வைப்போம். திட்டத்தை அவர்கள் வாய்ப்படி தமிழில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கொடுப்போம். மாற்று இடத்தைச் சேரிக்குள்ளேயே ஏற்பாடு செய்து, புதுக் கட்டடத்துக்கு நிர்வாக அனுமதி எண்ணையும் தேதியையும் எழுத்தில் கொடு என்போம். ஆபத்தான கட்டடமென்றால் அன்றைக்கே பிள்ளையை வெளியேற்றட்டும், அந்த அனுமதியும் அதே வாரத்தில் வரட்டும். கட்டி முடியும்வரை பிள்ளை குறைந்ததைக் காட்டி வாத்தியாரைத் தூக்கக் கூடாது என்போம். சேரியில் ஒரு ரூபாய்கூடப் பங்குத்தொகை வசூலிக்க விடமாட்டோம். வேலை தொடங்கியதும் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுப்போம். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 2(ஞ) பிரிவு மனுப்போட்டுக் காகிதம் வாங்குவதற்கு மட்டுமல்ல. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற சாமானில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. கலவையில் எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்ட் என்று நம்மைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆயுசு முழுக்கக் கலவை தூக்கியவர்கள் நாம்.

படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற விடுமுறையில் உங்கள் சேரிக்குப் போனால் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மண்மேடு மட்டும் இருந்தால் இடித்த தேதியைக் கேட்டு எழுதுங்கள். இப்போது எத்தனை பிள்ளை எங்கே உட்கார்கிறது என்று எண்ணி எழுதுங்கள். கவிதையாக வேண்டாம், கணக்காக எழுதுங்கள். அந்தக் கணக்கோடு நூறு சேரிக்காரர்கள் ஒரே நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில், பிள்ளைகளோடும் சிலேட்டோடும் உட்கார்ந்தால், மேல இருந்து வரணும் என்று சொன்ன காகிதம் அன்றைக்குக் கீழே இறங்கி வருகிறதா இல்லையா பார்ப்போம்.