பாட்டுக்குக் கணக்கு உண்டு, பரிந்துரைக்கு இல்லை

பாட்டுக்கு யார் காசு கொடுக்க வேண்டும், அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. இளையராஜாவின் உரிமை வழக்குகளை முன்னிட்டு ரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து சண்டையிட்டுக் களைத்தும்போனார்கள். ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் தீர்மானிக்கும் சட்டத்தைத் தமக்குச் சாதகமாக எழுதவைக்கவும், திருத்தவைக்கவும், திருத்தாமல் விட்டுவைக்கவும் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்டதே இல்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது என்பதே இங்குள்ள விசேஷம்.

எங்கள் தென்சென்னைப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். பல்லாவரத்தில் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனை கல்யாண மண்டபங்கள்! முகூர்த்த நாளில் ஒவ்வொன்றிலும் பாட்டு ஒலிக்கிறது. அதற்கு உரிமக் கட்டணம் உண்டா? திருமணத்தோடு தொடர்புடைய கொண்டாட்டங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்தியத் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டு, கல்யாண வீட்டாரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்றது. அதையொட்டிக் கோவா அரசு விடுத்த சுற்றறிக்கையை 2024 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெண்ணைப் பெற்றவர் யார் சொல்வதைக் கேட்பது?

கணினி நிறுவன வளாகங்களின் கொண்டாட்டங்களிலும் இதே குழப்பம்தான். பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாத ஒரு நிறுவனம் உரிமம் வழங்கும் தொழிலை நடத்த முடியாது என்று நோவெக்ஸ் வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு நேர்மாறாகச் சொன்னது. சட்டம் இப்படி மூட்டமாகக் கிடக்கும் இடத்தில்தான் பரிந்துரைக்கு மதிப்பு கூடுகிறது. ஒரு வரியைச் சேர்த்தால், ஒரு சொல்லை எடுத்தால், ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டால் கோடிகள் கைமாறும்.

அமெரிக்காவில் இதை லாபி என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அங்குள்ள இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆர்.ஐ.ஏ.ஏ., எந்த மசோதா தொடர்பாக யாரை அமர்த்தி எவ்வளவு செலவிட்டது என்பதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் சட்டமும் 2007ஆம் ஆண்டின் திருத்தமும் அதற்கு வகைசெய்கின்றன. தாம்பரத்திலிருந்தும் அந்தக் கணக்கை இணையத்தில் படிக்கலாம்.

இதனால் அமெரிக்கா புண்ணிய பூமியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 1999இல் தொலைக்காட்சி தொடர்பான ஒரு சட்டத்துக்குள் சில வரிகள் சத்தமில்லாமல் நுழைந்தன. இசைப்பதிவுகளைக் கூலிக்குச் செய்த வேலையின் பட்டியலில் சேர்த்த வரிகள் அவை. பாடகர்கள் பிற்காலத்தில் தம் பதிவுகளின் உரிமையைத் திரும்பக் கேட்கும் வழியை அவை அடைத்தன. அந்த வரிகளோடு தொடர்புபடுத்தப்பட்ட நாடாளுமன்றக் குழுப் பணியாளர் மிட்ச் கிளேசியர், சில மாதங்களில் ஆர்.ஐ.ஏ.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதன் தலைவரும் ஆனார். ஆனால் கலைஞர்கள் கொதித்தெழுந்ததில் 2000ஆம் ஆண்டிலேயே அவ்வரிகள் நீக்கப்பட்டன. தடம் தெரிந்தது, ஆகவே சண்டை போட முடிந்தது.

நம் நாட்டில் தடமே இல்லை. இசை நிறுவனங்களுக்கு இங்கும் கூட்டமைப்பு உண்டு; ஒலிபரப்பாளர்களுக்கும் இணையச் சேவைக்காரர்களுக்கும் உண்டு. இவர்கள் அரசிடம் பேசுவது குற்றமன்று. ஆனால் யாரிடம், எதற்காக, எவ்வளவு செலவில் என்று பதிவுசெய்யச் சொல்லும் சட்டம் இந்தியாவில் கிடையாது. இந்தியச் சந்தைக்குள் நுழைவது உள்ளிட்ட காரியங்களுக்காக வால்மார்ட் செலவிட்ட தொகை 2012இல் நம் நாடாளுமன்றத்தைக் குலுக்கியதே, அந்தச் செய்தி அமெரிக்காவில் தாக்கலான கணக்கிலிருந்து வந்ததுதான். நம் வீட்டுக்குள் நடப்பதை அடுத்த வீட்டுப் பேரேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். 2013இல் மக்களவை உறுப்பினர் காளிகேஷ் நாராயண் சிங் தேவ் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

பாடலாசிரியர்களும் லாபி செய்தவர்கள்தானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் படத்துக்கு எழுதிய பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவை மாற்ற அவர்கள் நெடுங்காலம் போராடினார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு ஈட்டும் ராயல்டியில் அவர்களுக்குரிய பங்கை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக்கியது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் எழுந்து நின்று அதற்காகப் பேசினார். தமக்கும் அதில் லாபம் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பேச்சு அவைக்குறிப்பில் இருக்கிறது. மறுக்க விரும்புகிறவர் மறுக்கலாம். இதற்கு மாறாக, வானொலிகளுக்கான சட்டப்பூர்வ உரிமம் இணைய ஒலிபரப்புக்கும் பொருந்தும் என்று 2016 செப்டம்பரில் ஓர் அலுவலகக் குறிப்பு வெளியானது. 2019இல் டிப்ஸ் - விங்க் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் குறிப்புக்கு முன் யார் யார் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று பார்க்க எந்தப் பதிவேடும் இல்லை.

வேடிக்கை ஒன்று உண்டு. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பதிப்புரிமைச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். வசூலித்தது எவ்வளவு, பங்கிட்டது எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மிக நல்லது. பாட்டில் வரும் காசுக்குக் கணக்குக் கேட்கும் அரசு, பாட்டுச் சட்டத்தை வளைக்கப் போகும் காசுக்கு ஏன் கேட்பதில்லை? அந்தக் கணக்கில் மறுமுனையில் தன் பெயரும் வரும் என்பதாலா?

இது வழக்கறிஞர்களின் விவகாரம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்குவது சரியன்று. பாடலாசிரியனைக் காக்கும் அதே சட்டம்தான் கவிஞனையும் நாவலாசிரியனையும் மொழிபெயர்ப்பாளனையும் காக்கிறது. கூட்டமைப்பும் கட்சிக்காரனும் இல்லாத எழுத்தாளனுக்கு அமைச்சக வராந்தாவில் நிற்க இடமில்லை. அவனுக்கு இருக்கும் ஒரே பலம், எதிரே நிற்பது யார் என்று தெரிவதுதான்.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. சட்டத்தையோ விதியையோ மாற்றச் சொல்லி அரசை அணுகும் ஒவ்வோர் அமைப்பும், சந்தித்தவரின் பெயரையும் பேசிய பொருளையும் செலவிட்ட தொகையையும் பதிவுசெய்யட்டும். அதைத் தமிழிலும் வெளியிடட்டும். இசை நிறுவனங்களுக்கும் எழுத்தாளர் சங்கங்களுக்கும் ஒரே விதி இருக்கட்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதற்குக்கூட ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். சட்டம் எழுதும் வீட்டில் மட்டும் மொய் நோட்டு வேண்டாமா?