வேலிக்கு அப்பால் யாது?

சென்ற ஆனித் திருவிழாக் காலத்தில், நயினை நாகபூசணி அம்பிகையைத் தரிசிக்கும் பொருட்டுக் குறிகட்டுவான் துறையிலே படகேறினோம். எமக்கு அருகில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், பிஸ்கற்றைத் தின்று முடித்து, அதன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை எங்கை போடுறது?" என்று வினவினான். "கடலுக்கை போடு அப்பன்" என்றார் தாயார். சிறுவன் கடலையும் உறையையும் மாறிமாறி நோக்கினான், பின்பு போட்டான். அத் தாயாரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. படகிலே குப்பை இடுதற்கு ஒரு கடகமேனும் இருந்ததில்லை. நாற்பதின்மர் பார்த்திருந்தோம், ஆசிரியத் தொழில் பூண்ட யாமும் வாளா இருந்தோம்.

நம்மவர் தூய்மை அறியாதவரா? அல்லர். வைகறையில் முற்றங் கூட்டிச் சாணநீர் தெளிப்பவர் நாம். நீராடாது கோயிலுட் புகாதவர் நாம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, எச்சில் உமிழவும் மலசலங் கழிக்கவும் தகாத இடங்கள் பத்தினை எண்ணிக் கூறுகின்றது. வழியும், நீர்நிலையும், கோயிலும், வழிப்போக்கர் தங்கும் நிழலும், விளைபயிரும் அவற்றுள் அடங்கும். பொதுவிடத்தைப் பேணும் அறம் நமக்குப் புதிதன்று. ஆயினும் இன்று நமது தூய்மை வேலியோடு நின்றுவிடுகின்றது. வளவுக்குள் இருந்த குப்பை ஒழுங்கைக்குப் போய்விட்டால் அது நம் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றுவதில்லை.

முன்னாளில் இவ்வழக்கம் பெருந்தீங்கு செய்யவில்லை. கூழ் குடித்த பிளாவும், மீன் கொண்டுவந்த உமலும், நெல் அள்ளிய கடகமும் பனை தந்தவை. எறிந்தால் மாடு தின்னும். அன்றேல் மண் தின்னும். பழைய ஓலையைத் தோட்டத்திலே புதைத்து உரமாக்கினர் நம் முன்னோர். இன்று கையிலுள்ள பொருள் மாறிவிட்டது. எறியும் கை மட்டும் மாறவில்லை. பொலித்தீன் பையை மண் தின்பதில்லை. தின்ற மாடோ மாண்டுபோகின்றது.

பெருநிலத்தார்க்குக் குப்பையைக் கொண்டுசெல்லத் தொலைவிடம் உண்டு. தீவாருக்கு அஃது இல்லை. நயினாதீவின் பரப்பு நான்கு சதுர கிலோமீற்றர் அளவினதே. நெடுந்தீவு பெரிதெனினும், அங்கும் ஆறு இல்லை. தீவுகளின் அடியிலுள்ளது வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக் கல். மழைநீர் அதனூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அப் படலமே நம் கிணற்று நன்னீர். குப்பைக் கிடங்கிலிருந்து கசியும் நஞ்சும் அவ் வெடிப்பினூடேதான் இறங்கும். ஆகவே தீவில் வேலிக்கு அப்பால் என்பது நமது கிணறே. அயலவன் கிணறும் அதுவே.

பிறநாட்டார் பிறவியிலேயே தூய்மையுடையார் என்று கருதற்க. சிங்கப்பூர் 1968 ஆம் ஆண்டு நாடளாவிய தூய்மை இயக்கத்தைத் தொடங்கிற்று. குப்பை எறிந்தோரைத் தண்டத்தோடு விடாது, 1992 முதல் பொதுவிடங்களைக் கூட்டவும் வைத்தது. யப்பானிலே மாணவரே தம் வகுப்பறையைத் துப்புரவு செய்கின்றனர். 1995 இல் தோக்கியோச் சுரங்க இரயிலில் நச்சுவாயு வீசப்பட்டபின், பொதுவிடத்துக் குப்பைத் தொட்டிகள் பல அகற்றப்பட்டன. மக்கள் தம் குப்பையை வீட்டுக்கே கொண்டுசெல்லலாயினர். ஜேர்மனியில் 2003 முதல், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் முன்னர் கொடுத்த பிணைக்காசு மீளக் கிடைக்கின்றது. வறுமையும் போரும் கண்ட ருவண்டா, 2008 இல் பிளாஸ்டிக் பையை விலக்கியது. அங்கே மாதத்தின் இறுதிச் சனிக்கிழமை மக்கள் கூடி ஊர்ப்பணி செய்கின்றனர். ஓரிடத்தில் தண்டம், ஓரிடத்தில் கல்வி, ஓரிடத்தில் காசு, ஓரிடத்தில் கூட்டுழைப்பு. வழி வேறாயினும், எங்கும் பழக்கம் உண்டாக்கப்பட்டதேயன்றித் தானாக முளைத்ததில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரிஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பர் முதலாம் நாள் தொட்டு விலக்கப்பட்டன. சட்டம் வர்த்தமானியில் இருக்கின்றது. தாளோ காற்றிற் பறக்கின்றது.

தீவகத்துக்கு யாம் வேண்டுவன மூன்று. படகில் வந்த பிளாஸ்டிக் படகிலேயே திரும்புதல் வேண்டும். அதன்பொருட்டுப் படகுதோறும் ஒரு கடகம் வைக்கப்படுக. துறைமுகக் கடைகளில் விற்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பிணைக்காசு பெறப்படுக. வெறும் போத்தலைத் திருப்பித் தருவார்க்கு அது மீள வழங்கப்படுக. பாடசாலையில் துப்புரவு தண்டனையாக அன்றிப் பாடமாக வைக்கப்படுக; ஆசிரியரும் விளக்குமாறு ஏந்துக. முதலிரண்டும் பிரதேச சபைகளும் படகுடையாரும் கோயில் அறங்காவலரும் ஒருங்கு கூடினால் வரும் திருவிழாவுக்குள் நிறைவேறக் கூடியவை. மூன்றாவதற்கு நாம் எவரையும் காத்திருக்க வேண்டியதில்லை.

அச் சிறுவன் போடுமுன் கேட்டான். கேட்கும் பிள்ளை இருக்கும்வரை நமக்கு நம்பிக்கை உண்டு. அடுத்த ஆனியில் அவன் மீண்டும் கேட்பானாயின், கைநீட்டிக் காட்டுதற்கு ஒரு கடகமாவது இருத்தல் வேண்டும்.