முதல் டெஸ்ட் கணவருக்கு!

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று ஆரம்பித்து விடுவார்கள். அதுவும் யாரிடம்? மருமகளிடம்தான்! ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பா என்று எக்ஸ்ரே, அரசமரம் சுற்றுவது... எல்லாம் அவளுக்கே. பிள்ளையாண்டான் மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருப்பார்.

இது நியாயமா, சொல்லுங்கள்! குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் குறை இருக்கிறது. இருப்பதிலேயே சுலபமான, செலவு குறைந்த பரிசோதனையும் விந்துப் பரிசோதனைதான். ஊசி இல்லை, கத்தி இல்லை. அதைப் போய்க் கடைசிக்குத் தள்ளுகிறோமே!

காரணம், 'ஆண்மை' பற்றிய பயம். தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாமல், மீசை, குரல் எல்லாம் கம்பீரமாக இருந்தும், ஒருவருக்கு விந்தணு பூஜ்யமாக இருக்கலாம். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஜீன்களின் வேலையும் இருக்கிறது. கருவில் ஆறு வாரம் வரை ஆண், பெண் பேதம் வெளியே தெரியாது. அப்புறம் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீன் ஸ்விட்சைப் போட, விரைகள் உருவாகின்றன. 1990-ல் லண்டன் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே, பெண்ணாகப் பிறக்க வேண்டிய சுண்டெலிக் கருவில் அந்த ஜீனைச் செலுத்த, அது ஆணாகப் பிறந்தது! விரை இருந்தது, ஆனால், விந்தணு உற்பத்தியாகவில்லை.

ஆக, விரை உருவாக ஒரு ஜீன் என்றால், விந்தணு உற்பத்திக்கு வேறு பல ஜீன்கள் வேண்டும். அவற்றில் சில, ஒய் குரோமோசோமில் ஏ, பி, சி என்ற மூன்று பகுதிகளில் இருக்கின்றன. அதில் ஒரு துண்டு விடுபட்டால் உற்பத்தி குறையும், அல்லது நின்றே போகும். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். 'க்ளைன்ஃபெல்டர்' எனப்படும் இந்தக் குறை, குழந்தைக்காக டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

தெரிந்து என்ன லாபம் என்கிறீர்களா? சி பகுதி மட்டும் விடுபட்டிருந்தால், விரையிலிருந்தே விந்தணு எடுத்து 'இக்ஸி' முறையில் முட்டைக்குள் செலுத்த வாய்ப்புண்டு. ஆனால், பிறக்கும் மகனுக்கும் அந்தக் குறை போய்ச் சேரும். ஏ அல்லது பி பகுதி முழுசாக விடுபட்டிருந்தால், ஆபரேஷன் செய்தாலும் விந்தணு அனேகமாகக் கிடைக்காது. ரத்தப் பரிசோதனையிலேயே இது தெரிந்துவிடும். நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கு ஓடும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எனவே, முதல் விசிட்டிலேயே கணவரும் டெஸ்ட் செய்துகொள்ளட்டும். ரிசல்ட் சரியில்லையா? இன்னொரு முறை பாருங்கள். எண்ணிக்கை பூஜ்யம், அல்லது ரொம்ப ரொம்பக் குறைவு என்றால், குரோமோசோம் டெஸ்ட் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். லேகியத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். விடுபட்ட ஜீனை எந்த லேகியமும் ஒட்ட வைக்காது.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையிடம் குறை என்று தெரிந்தால், அவரைத் திட்ட மாட்டீர்கள்தானே? "பாவம், அவன் என்ன செய்வான்" என்பீர்கள். அந்தப் பரிவை மருமகளிடமும் கொஞ்சம் காட்டுங்களேன்!