உறுதி இல்லாத வீட்டுக்கு யார் பொறுப்பு?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தன. உயிரிழந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தியாயிற்று. உயிர் பிழைத்தவர்களின் உடைமை பற்றிய பேச்சுதான் இன்னும் இழுபறியில் கிடக்கிறது.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தொழிலைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்களில் பலர் இன்றும் லயன் காம்பராவில்தான் வாழ்கிறார்கள். கூரைத் தகரத்தைக் கைக்காசில் மாற்றுகிறார்கள். கொல்லையில் மரக்கறிப் பாத்தி கட்டி, மாட்டுப்பட்டியும் போடுகிறார்கள். காணி உறுதி மட்டும் அவர்கள் பெயரில் இல்லை. தபால்கூடத் தோட்டத்து முகவரிக்கே வருகிறது. பள்ளத்தில் வயல் வைத்திருக்கும் கிராமத்தவர் உறுதியைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். மேட்டில் இருப்பவர் எதைக் காட்டுவது?

ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடிதான். அதற்கே இத்தனை இழுத்தடிப்பு!

கண்டிப் பகுதியில் பல தோட்டங்கள் ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களின் கையில் உள்ளன. தனியார் கம்பெனி மறுக்கிறது என்ற சாக்கு இங்கே செல்லாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது எனச் சான்றளிக்கும் நிலத்தை அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் அந்த வேலை தொடங்கட்டும்.