படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நாற்காலியோடு நின்றுவிடாதீர்கள்

மார்க்கச் சட்டம் கேட்டு நம்மிடம் வருவோரில், “ஹஜ்ரத், ஸுஜூதுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் அமர்ந்து தொழலாமா?” என்று கேட்கும் பெரியவர்கள் பலர். தாராளமாகத் தொழலாம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தமது தொழுகை பற்றி வினவியபோது, நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரியில் காண்கிறோம். ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்றுத் தாழ்வாகச் சைகை செய்தால் போதுமானது.

கேட்டவர் மனநிறைவோடு எழுந்து போய்விடுகிறார். நமக்குக் கவலை தொடங்குவது அங்கேதான். குனிந்தால் மூச்சு ஏன் முட்டுகிறது என்பதை அவர் எவரிடமும் கேட்கவில்லை. வீட்டாரிடம் விசாரித்தால் மீதி வெளிவரும். ஒரு தலையணை போதாமல் மூன்றை அடுக்கிக்கொள்கிறார். சில நாள்கள் சாய்வு நாற்காலியிலேயே உறங்குகிறார். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலோரம் அமர்ந்து காற்றுக்குத் தவிக்கிறார். மாலையானால் கால் வீங்கிச் செருப்பு இறுகுகிறது. இவ்வளவையும் வாயு என்றும் வயது என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். சில வீடுகளில் ஜின் அமுக்குகிறது என்று தாயத்தும் கட்டியாகிவிடுகிறது.

நாம் மருத்துவரல்லர். ஆயினும் இதயநோய் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. நின்றிருக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தேங்கும் இரத்தத்தில் ஒரு பகுதி, படுத்தவுடன் மார்புக்குத் திரும்புகிறது. நலமான இதயம் அதை எளிதாக வெளியேற்றிவிடும். இடப்பக்க இதயம் பலவீனப்பட்டிருந்தால் இரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலில் நீர் கசியத் தொடங்கும். எழுந்து உட்கார்ந்ததும் அந்த அழுத்தம் குறைவதால் மூச்சு சீராகிறது. சீராகிவிட்டதே என்று நாமும் மறந்துவிடுகிறோம். குனியும்போது மூச்சு வாங்குவதும் இதே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

நுரையீரலைக் கடந்தே இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தை அடைகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். திமிஷ்கில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288இல் மறைந்த அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும்கூட. நம் பாடத்திட்டங்களில் அவர் பெயர் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பது வேறு வருத்தம்.

படுத்தால் மூச்சு முட்டுவதெல்லாம் இதய நோயுமல்ல. ஆஸ்துமா, நெஞ்செரிச்சலுடன் மேலேறும் அமிலம், உடற்பருமன் ஆகியவற்றாலும் வரலாம். படுத்தவுடன் நெஞ்சில் விசில்போலவோ கரகரப்பாகவோ ஓசை கேட்டால் அது இதயமா நுரையீரலா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். நாமாகத் தீர்ப்பளிக்க முடியாது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கலாம். பல ஆண்டுகள் தெரியாமலிருந்துவிட்டு, உடலில் இரத்தத்தின் அளவு பெருகும் கர்ப்ப காலத்தில் அது வெளிப்படுவதுண்டு. நிறைமாதத்தில் மூச்சு வாங்குவது இயல்புதானே என்று மாமியாரும் அம்மாவும் தேற்றிவிடுகிறார்கள். இருமலுடன் இரவில் எழுந்து உட்காரும் கர்ப்பிணியை அப்படித் தேற்றிப் படுக்க வைப்பது ஆபத்து.

பொறுமை காக்கிறேன் என்று வேதனையை மறைப்போரும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி என்று முறையிட்டபோது, தமக்கும் தலைவலிக்கிறது என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நோயைச் சொல்வது ஸப்ருக்கு எதிரானதன்று. தலையில் காயம்பட்ட ஒருவருக்கு உடனிருந்தோர் அறியாமல் குளிக்கச் சொல்லி, அவர் இறந்துபோனதைக் கேட்டு அண்ணலார் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. காயம்பட்டவர் கேட்கத்தான் செய்தார். கேட்கப்பட்டவர்கள்தாம் தெரியாமல் பதில் சொன்னார்கள். பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும் நம்மைப் போன்றோர் இதைப் பலமுறை படிக்க வேண்டும். ஃபாத்திஹா ஓதி ஊதுவோம். அது சுன்னத்தான வழி. கூடவே, “நாளைக் காலையில் மருத்துவரைப் பாருங்கள்” என்றும் சொல்லி அனுப்புவோம்.

மருத்துவரிடம் “கொஞ்சம் இளைப்பு” என்று சுருக்கிவிடாதீர்கள். எத்தனை தலையணை, படுத்து எவ்வளவு நேரத்தில் முட்டுகிறது, எழுந்தால் எப்போது அடங்குகிறது, கால் வீக்கம் உண்டா என்று விவரமாகச் சொல்லுங்கள். இரவில் அருகிலிருப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, எக்கோ ஆகிய பரிசோதனைகள் பெரும்பாலும் காரணத்தைக் காட்டிவிடும். உட்கார்ந்த பின்னும் மூச்சு அடங்காமல், நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. தமிழகத்தில் 108ஐ அழையுங்கள், இலங்கையில் 1990.

இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை உண்போர் ரமளானில் தாமாகவே அதை நிறுத்துவதும், ஸஹருக்கும் இஃப்தாருக்குமாக நேரத்தை மாற்றிக்கொள்வதும் நடக்கிறது. நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எப்போது உண்பது என்று ஷஅபானிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாமென்றால், நோன்பை விடுவதற்கான சட்டத்தைச் சொல்ல நாம் இருக்கிறோம்.